ஸஹீதா மாமியும் ஒன்றும் விளங்காத பெட்டியும்

இன்ஷாப் கல்யாணம் முடித்து ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் அவன் மாமியார் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. காத்தான்குடியில் ஆண் பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும், வீடும் பெண்ணுக்கு உரியது. நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் நான் போன வீட்டில் இரண்டாம் மாதமே கோழிக்கூடு கட்டினேன், அதற்காக மாமனாரோடு சண்டையும் பிடித்தேன். இன்ஷாப்புக்கு அந்தத் துணிவு இல்லை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம், இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். அதனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு.

டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலில் முந்நூறு அறைகளின் விளக்குகளுக்கு அவன்தான் பொறுப்பு. அங்கே அவனைக் கேட்காமல் ஒருவரும் ஒரு பல்பைக் கழற்ற மாட்டார்கள். லீவில் இங்கே வந்தால், குடித்து முடித்த கோப்பையை எங்கே வைப்பது என்று மனைவி ரிப்காவின் முகத்தைப் பார்ப்பான். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அவன் பயப்படுவது ரிப்காவின் உம்மா ஸஹீதா மாமிக்கு. எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகலான தெருவில், எந்த வீட்டில் விருந்து என்றாலும் சஹன் மாமியிடமிருந்துதான் போகும். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகள் நாற்பத்திரண்டு, ரோட்டைப் பார்த்த முன் அறையில் அடுக்கியிருக்கும். இரவல் கொடுப்பதற்கு ஒன்றும் வாங்க மாட்டார். சரியாகக் கழுவாமல் கொண்டுவந்தால் மட்டும் அவர் குரல் வாவிக்கரை வரை கேட்கும். அப்படிப்பட்ட மனுஷி மருமகனோடு மாத்திரம் ஒரு சொல் பேசியதில்லை. மருமகன் முன்னால் மாமி வந்து நிற்கக்கூடாது, நேரே பேசக்கூடாது என்பது பழைய வழக்கம். பல வீடுகளில் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. மாமி தளர்த்தவில்லை. அவன் ஹோலில் இருந்தால் அவர் பின்வாசலால் சுற்றிப் போவார்.

சொல்ல வேண்டியதெல்லாம் ரிப்கா வழியாகத்தான் போய்வரும். மகள் ஸஹ்ரா பிறந்தபோது ரிப்கா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் மாமியும் மருமகனும் வீட்டில் ஒரு வார்த்தை இல்லாமல் காலம் தள்ளினார்கள். சோறு ரெடி என்றால் மாமி கோப்பையில் கரண்டியால் இரண்டு தட்டு, தேத்தண்ணீர் என்றால் ஒரு தட்டு. எங்கள் வீட்டுக்கும் கேட்கும். சில நாள் இரண்டு தட்டுக் கேட்டு நானும் கை கழுவியிருக்கிறேன்.

இந்த முறை இன்ஷாப் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தான். வந்த அன்றே ஸஹ்ரா அவனைப் பார்த்து அலறினாள். போன லீவிலும் அப்படித்தான். பழகி மடியில் ஏற ஒரு மாதம் எடுக்கும், ஏறின கையோடு இவன் பிளேன் ஏறுவான். எனக்கு முன்னாலேயே அவன் கண் கலங்கினான். திரும்பிப் போக அவனுக்கு விருப்பமில்லை. அந்த முன் அறையில் ஒரு விளக்குக் கடை போட்டு, வீடு வீடாகப் போய் பொருத்திக் கொடுக்கும் வேலையும் செய்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்பது அவன் எண்ணம். இரண்டு லீவாக ரிப்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நேரம் பார்த்து உம்மாவிடம் கேட்கிறேன் என்று அவளும் இரண்டு லீவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்கட்டுமா என்றேன். அடுத்த வீட்டுக்காரன் வாயால் கேட்டால் மானம் போய்விடும் என்று மறுத்துவிட்டான். கேட்க முடியாவிட்டால் செய்து காட்டுகிறேன் என்று பேக்கிலிருந்து ஆறு பல்பும் உருண்டையான ஒரு பெட்டியும் எடுத்தான். பேச்சுக்கு எரியும் விளக்குகள் அவை. பெட்டியிடம் சொன்னால் அது ஏற்றும், அணைக்கும். அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்.

ஏணி பிடிக்க என்னைக் கூப்பிட்டான். வைஃபை பிடிக்கும் வரை ஒவ்வொரு பல்பும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஒரு பெயர் வை என்று போன் கேட்டபோது, ஒரு நொடியும் யோசிக்காமல் ‘ரிப்கா வீடு’ என்று அடித்தான். உன் பெயரைப் போடலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அல்லாஹ் பார்ப்பான் என்றான்.

முதல் நாளே வினை வந்தது. கம்பனிக்காரன் அந்தப் பெட்டிக்கு சோஃபியா என்று பெயர் வைத்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது காது கொடுக்கும். மாமி விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு அடுப்படியில் இருக்கிறார். ஹோலில் மருமகன் மெல்லிய குரலில் சோஃபியா, சோஃபியா என்கிறான். யாரோ ஒரு வெள்ளைக்காரி நல்ல பணிவாகப் பதில் சொல்கிறாள். அவன் நன்றி வேறு சொல்கிறான். மாமி நித்திரையிலிருந்த மகளை உலுக்கி எழுப்பி, வீட்டுக்குள் இருக்கிறவள் யார் என்று கேட்டாராம். ரிப்கா சிரித்த சிரிப்பில் எங்கள் வீடும் எழும்பிவிட்டது. அன்று சூரியன் உதிக்கும் முன்பே சோஃபியாவுக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர் மாறியது.

அடுத்த வினை சுவிட்ச். சுவரில் சுவிட்ச் போட்டிருந்தால்தான் இந்த பல்புக்கு உயிர். மாமியோ அறையை விட்டு வெளியே கால் வைத்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும் ஆள். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொன்னதும் வீடு முழுக்க ஒரே நேரத்தில் எரிவதைக் காட்டுகிறேன் என்று என்னையும் என் மாமனாரையும் வரச்சொன்னான் இன்ஷாப். வந்து நின்றோம். எல்லாவற்றையும் ஏற்று என்று இங்கிலீஷில் கட்டளையிட்டான். இருட்டில் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தேடிக்கொண்டு நின்றோம். மாமி ஆறு சுவிட்சையும் அணைத்து, போகிற போக்கில் வைஃபை பெட்டியையும் அணைத்திருந்தார். மறுநாள் இன்ஷாப் சுவிட்சுகள் மேல் டேப் ஒட்டினான். மாமி அவற்றை நேர்த்தியாக உரித்து, வீணாக்காமல் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தார்.

இப்படிப் பதினைந்து நாள் போனது. பிறகு ஒரு காலையில் காஸ் முடிந்தது.

ரிப்கா முன்பள்ளி ஆசிரியை, ஒரு மணிக்குத்தான் வருவாள். அடுப்பில் பாதி வெந்த சோறு. இன்ஷாப் வாசலில் இருக்கிறான். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மாமியின் குரல் ஹோலில் கேட்டது.

“கம்ப்யூட்டர், காஸ் முடிஞ்சி. சோறு பாதில நிக்கிது. வாசல்ல இரிக்கிறவருக்குச் சொல்லு.”

விளங்கவில்லை, மன்னிக்கவும் என்று பெட்டி இங்கிலீஷில் சொன்னது. ஆனால் இன்ஷாப் எழும்பிவிட்டான். கால் மணித்தியாலத்தில் சைக்கிளில் சிலிண்டர் வந்தது. அதை அடுப்போடு பூட்டிவிட்டு அவனும் ஹோலுக்கு வந்து, பெட்டி முன் நின்று தொண்டையைச் செருமினான். காஸ் பூட்டியாயிற்று, கசிவு இல்லை, பயப்படாமல் பற்றவைக்கலாம் என்று கம்ப்யூட்டரிடம் தமிழில் சொன்னான். பெட்டி அவனிடமும் மன்னிப்புக் கேட்டது.

அன்று தொடங்கியது அந்தப் பேச்சு. இருவருக்கும் நடுவில் இருக்க அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அதற்கு ஒன்றும் விளங்காது, கேட்டதை வெளியில் சொல்லாது, கூட்டிக் குறைக்காது. மதிலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு நாளில் மூன்று குரல் கேட்கும். இரண்டு குரல் வீட்டு விசயம் பேசும், மூன்றாவது குரல் ஓயாமல் மன்னிப்புக் கேட்கும்.

கூட்டிக் குறைத்தவள் யார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மாசிச் சம்பல் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று இன்ஷாப் ஒரு நாள் பெட்டியிடம் மிகப் பணிவாகச் சொன்னான். மாமி அடுப்படியிலிருந்து புறப்பட்டு ஹோல் கதவுத்திரை வரை வந்துவிட்டார். மருமகனுக்கு அது உயிர் என்று மகள் சொன்னதை நம்பி, ஆறு வருடமாகக் கை நோக இடித்தேனே என்று பெட்டியைக் கேட்டார். குளித்துத் துடைத்த ஈரத் துவாயைக் கதிரையில் போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஆறு வருடமாகச் சொல்கிறேனே, அதாவது போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டார். போய்ச் சேரவில்லை. ரிப்கா இரண்டு பக்கமும் மனம் நோகக்கூடாது என்று வழியிலேயே எல்லாவற்றையும் இனிப்பாக்கியிருக்கிறாள். அன்று பகல் பள்ளி விட்டு வந்தவளை உம்மாவும் பார்க்கவில்லை, புருசனும் பார்க்கவில்லை. 

விளக்குகளும் மெல்ல மாமியை வளைத்தன. கேட் விளக்கு மஃரிபுக்குத் தானாக எரிய, முழங்கால் வலியோடு அவர் வாசல் வரை நடப்பது நின்றது. சஹன் கேட்டு வரும் பெண்கள் முன் மாமி பெட்டியிடம் மனப்பாடம் செய்த ஒரே இங்கிலீஷ் வசனத்தைச் சொல்லி முன் அறையை எரியவைப்பார். வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். மூன்றாவது வீட்டுக்காரிக்கு இரண்டு பல்பு வேண்டுமாம், மூலை வீட்டில் நாலு வேண்டுமாம் என்று கம்ப்யூட்டருக்கு அறிவிப்பும் வரும்.

இன்ஷாப் அப்போதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுதபின் மாமி சற்றுச் சாய்வார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி முன் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஒத்திகை பார்ப்பான். மாமி, அந்த முன் அறை… என்று தொடங்குவான். கடை சிறியதுதான் என்பான், சஹன்களுக்கு வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டில் போட்டுத் தருவேன் என்பான், பிள்ளை வளர்வதைப் பார்க்க வேண்டும் என்பான். மாமி எழும்பி வந்ததும் தேத்தண்ணீர் நல்லா இருந்தது என்று சொல்லும்படி பெட்டியிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவான். எனக்கு மதிலேறிக் குதித்து அவனை அறைய வேண்டும் போல் இருக்கும்.

பயணத்துக்கு மூன்று நாள் இருந்தது. பின்னேரம் அவன் பேக்கை அடுக்கிக்கொண்டிருந்தான். ஸஹ்ரா அவன் மடியை விட்டு இறங்கவில்லை, அவன் உள்ளே வைத்த சேட்டுகளையெல்லாம் வெளியே எறிந்துகொண்டிருந்தாள். மஃரிப் வாங்கு சொல்லி, கேட் விளக்கு எரிந்து, இரண்டு நிமிசத்தில் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றால் எங்கள் ஒழுங்கையில் அடுத்த வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும். தொழுகை முடித்து நான் மதிலோரம் வந்து நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

மாமியின் செருப்புச் சத்தம் ஹோலுக்கு வந்து நின்றது.

“கம்ப்யூட்டர்” என்றார்.

 பெட்டி மன்னிப்புக் கேட்கவில்லை.  மாமி திரும்பிப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கரண்ட் இல்ல. இதுக்குக் காது கேக்காது” என்றார் மாமி. “அதால உங்களுக்கே சொல்றன், மருமகன்.”

மதிலுக்கு இந்தப் பக்கம் நான் இன்னும் ஒட்டி நின்றேன். அந்தப் பக்கம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

“ஏழு நாளா இந்தப் பெட்டிட்டக் கேக்கிறீங்க. நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் கிடந்தன், தூங்கல்ல. அதுட்டக் கேட்டா அது என்ன சொல்லும்? அதுட வீடா இது?”

இன்ஷாப் “மாமி” என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. தான் கேட்கத்தான் இருந்ததாக ரிப்கா உள்ளேயிருந்து மெல்லச் சொன்னாள். நீ ஆறு வருசமா கேட்கத்தான் இருக்கிறாய், பேசாமல் இரு என்று மாமி அவளை அடக்கினார்.

“நாற்பத்திரண்டு சஹன் இரிக்கி. தனியத் தூக்க எனக்கு ஏலா. விடிய எழும்பி ரெண்டு பேருமாப் பின்னுக்கு எடுப்பம். புள்ள எடுத்துப் போட்ட சேட்டுகளப் பேக்ல திரும்ப அடுக்காதிங்க.”

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. ஆறு பல்பும் ஒன்றாகப் பற்றி எரிந்தன. மாமியும் மருமகனும் ஆறு வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றிருக்கிறார்கள். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார் என்று ரிப்கா பிறகு சொன்னாள். முழங்கால் வலிக்காரி அப்படி ஓடியதை அவள் கண்டதில்லையாம். இன்ஷாப் அழுதுகொண்டு நின்றானாம்.

மறுநாள் சுபஹுக்குப் பின் சஹன்கள் மோதும் சத்தத்தில்தான் எங்கள் ஒழுங்கை விழித்தது. நானும் போய்ப் பத்துப் பன்னிரண்டு சுமந்தேன்.

கடை திறந்து இப்போது எட்டு மாதம். ஸஹ்ரா கடை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வாப்பாவைக் காட்டுவாள். பெட்டி இன்னும் ஹோலில்தான் இருக்கிறது. மாமி மறுபடியும் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டார். கரண்ட் இருக்கும்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். கரண்ட் போனால் மட்டும் மருமகனை நேரே கூப்பிட்டுப் பேசுவார். அப்போது இன்ஷாப் கடையைப் போட்டது போட்டபடி விட்டு உள்ளே ஓடுவான். இந்த ஊரிலேயே கரண்ட் போகாதா என்று காத்திருக்கும் விளக்குக் கடைக்காரன் அவன் ஒருவன்தான்.