மேரி சேச்சி கொண்டுவந்த கேக்

பிராட்வே கடைத்தெருவில் ஒரு பேக்கரியைக் கடக்கும்போது பிளம் கேக் மணத்தது. சின்ன வயதில் நாங்கள் இருந்த மட்டாஞ்சேரி வீடு ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா இறந்த வருடம் நாங்கள் தீபாவளிக்குப் பலகாரம் செய்யவில்லை. அம்மா இனிப்பையே தொடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு மேரி சேச்சி கேக்கோடு வந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"முட்டை சேர்க்கலை கேட்டோ அக்கா. உங்களுக்காகத் தனியா செஞ்சேன்."

"எனக்கு எதுக்கு மேரி இதெல்லாம்?"

"நீங்க தின்னாத்தான் பிள்ளைங்களும் தின்னும்."

அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிய, எங்களுக்கும் ஊட்டிவிட்டாள். கருக்கிய சர்க்கரையும் கிராம்பும் நாக்கில் இனித்தன. அன்று ராத்திரி அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மேரி சேச்சி போன மாதம் காலமானார். இடக்கொச்சியில் இருக்கும் அவர் மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யவில்லையாம். நான் ஒன்று வாங்கிக்கொண்டு இடக்கொச்சி பஸ்ஸில் ஏறினேன்.