காலி நாற்காலிக்கு ரப்பர்

என் அக்கா புருஷனை எங்கள் வீட்டில் ரப்பர் அத்தான் என்றுதான் சொல்வோம். லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரின் அதிர்வு கட்டடத்துக்குப் போகாமல் இருக்க அடியில் ரப்பர் வைப்பார்கள் இல்லையா, அதில் மிஞ்சியதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் ரப்பர், ஸ்பீக்கருக்கு அடியில் பித்தளைக் குமிழ். தரை லேசாக அதிர்ந்தாலும் முள் அதையும் பாட்டோடு சேர்த்து அனுப்பிவிடுமாம். ரப்பர் நசுங்கியிருப்பதைப் பார்த்தே மேலே எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். விட்டால் அந்த மூன்று காலுக்கும் ரப்பர் வைத்திருப்பார்.

அவருடைய ஜென்ம விரோதி அக்காவின் குதிகால். பாட்டு போட்டால் போதும், பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதன் குறுக்குக் கட்டையில் தட்டுவாள். அதுவும் தாளத்தோடு அல்ல, ஒரு தட்டு தள்ளி. "காலை ஆட்டாதடி, முள்ளுல விழுது" என்பார். ரோஷக்காரி பதில் பேசமாட்டாள். எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் பேசுவாள்.

அக்கா இறந்துபோன பிறகு, தன்னோடு வந்து இருக்கும்படி அத்தானை அவர் மகள் கூப்பிட்டாள். அழைத்துப்போக நான்தான் போனேன். பெட்டி தயாராக இருந்தது, அத்தான்தான் தயாராக இல்லை.

"பாட்டுல ஒரு சத்தம் வருது. எங்கேருந்துன்னு கண்டுபிடிச்சுட்டா கிளம்பிடலாம்."

"உங்க காதுக்கு எப்பவும் ஏதாவது கேக்கும் அத்தான்."

ரெக்கார்டைப் போட்டார். பட்டப்பகல், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. பாட்டுக்கு அடியில் தொம், தொம். தாளத்துக்கு ஒரு தட்டு தள்ளி. நான் அக்காவின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், காலி.

அவருக்கு அதெல்லாம் ஏறவே இல்லை, வேலையில் இருந்தார். பிளேயருக்குப் புது ரப்பர் வைத்தார், சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கருக்கு மாற்றினார், அலமாரிக்கு வைத்தார், ஃப்ரிட்ஜைக்கூட அணைத்தார். அதிர்வு எங்கே கிளம்புகிறதோ அங்கே வைத்தால்தான் நிற்கும் என்றார். மிச்சம் இருந்தது அக்காவின் நாற்காலி.

"அதுக்கு வேணாம் அத்தான்."

கேட்டால்தானே! நான்கு காலுக்கும் வைத்துவிட்டு மறுபடி போட்டார். சத்தம் நின்றுவிட்டது.

"பாத்தியா!" என்று சிரித்தார். அப்புறம்தான் எதை நிறுத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. மெதுவாகக் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். புது ரப்பர் நான்கும் பிதுங்கியிருந்தன. 

"வெறும் பிரம்புக்கு இவ்வளவு நசுங்காது" என்றார். "அவ உக்காந்திருக்கா."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரப்பர்கள் மெல்ல உப்பின. பிரம்பு ஒரு தரம் கிறீச்சிட்டது, பாரம் இறங்கினாற்போல.

அத்தான் ரப்பர்களைப் பிடுங்கி எறிந்தார். "ஐயோ, ஆட்டாதன்னு திரும்பவும் சொல்லிட்டேனே! ஆட்டிக்கோம்மா, நல்லா ஆட்டிக்கோ" என்று நாற்காலியிடம் கெஞ்சினார். எனக்குப் பயத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. பாட்டு மாசுமறுவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் அவர் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.

முதலில் இந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நான் பெட்டியைத் தூக்கினேன். அவர் அசையவில்லை.

"நீ போம்மா. கோவம் தணிஞ்சு அவ வர்றப்ப நான் இங்க இருக்கணும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் நங்கென்று மேடையில் உட்கார்ந்தது. அக்கா வைக்கிற வேகம் எனக்குத் தெரியாதா? பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.