மஞ்சள் தண்ணீர் தெளித்த லேப்டாப்

தர்மபுரியில் பழைய லேப்டாப் விற்கும் கடையில், வாரண்டிக்கு வரும் பொருட்களைப் பார்த்து எழுதிக்கொடுப்பவர் அவர். ஒல்லியான ஆள். நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டியிருப்பார். எதைக் கொடுத்தாலும், திறப்பதற்கு முன் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார்.

என் மகள் கல்லூரிப் படிப்புக்கு அந்தக் கடையில் வாங்கிய லேப்டாப்பைத்தான் நம்பியிருந்தாள். இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் அது நின்றுபோனது. வாரண்டி முடிய இரண்டு மாதம் இருந்தது.

அவர் முகர்ந்துவிட்டு, “தண்ணி கிண்ணி பட்டுச்சாங்களா?” என்றார்.

“தண்ணியெல்லாம் இல்லீங்க. பூசையில மஞ்சத் தண்ணி தெளிச்சேன், அவ்வளவுதான்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “மாட்டக் குளுப்பாட்டுற மாதிரி குளுப்பாட்டலியே!” என்றான் ஒருவன்.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் பட்டதால் வாரண்டி கிடையாது என்று எழுதிக்கொடுத்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்: “வாசனையிலயே தெரிஞ்சுருச்சுங்க. நீங்க தண்ணி படலைன்னு சொல்லியிருந்தா நானும் படலைன்னு எழுதியிருப்பேன். இத்தன பேரு முன்னால சொல்லிப்புட்டீங்களே.”

இரக்கப்பட்டுச் சொன்னாரா, என்னை ஏமாளி என்றாரா, இன்றும் தெரியவில்லை. வீட்டில் மகள், “நீ தெளிச்ச தண்ணியாலயாப்பா?” என்று கேட்டாள்.

“இல்ல சாமி. பழைய மெஷினு, தானாக் கெட்டுப்போச்சாம்” என்றேன். பொய் அப்போதுதான் வந்தது.