தொங்கு ஊமத்தை வேலி

என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவளுடைய கண்களைத்தான். இரண்டு கண்ணிலும் நடுவிலிருக்கும் கருப்பு ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையை வாங்கி வைப்பேன். "ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்று கண்ணை உருட்டிக் காட்டுவாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் மாநிலத்திலேயே முதலாக வருவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, கம்பெனி பஸ் போய்விட்டதா என்று எதற்கும் கவலைப்படுகிறவள்தான். ஆனால் இந்தக் கண் விஷயத்துக்கு மட்டும் எனக்குக் காரணம் உண்டு.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் நிலம் ஓசூர்ப் பக்கம் சானமாவுக் காட்டை ஒட்டி இருந்தது. வருஷா வருஷம் ராகி கதிர் பிடிக்கிற சமயத்தில் யானைகள் வரும். அப்பா பரண் கட்டித் தகரம் தட்டுவார், பட்டாசு போடுவார். அதையும் மீறி வந்தால் ஒரே இரவில் வருஷத்துச் சாப்பாடு முடிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் தேங்குகிற அளவுக்குக் கால்தடங்கள் இருக்கும். எங்கள் கூரை வீட்டை யானை வைக்கோல் போர் என்று நினைத்துவிடுமோ என்பது அப்போதைய என் கவலை.

அப்படியொரு அழிவு நடந்த அடுத்த கோடையில்தான் மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. தளிப் பக்கம் ஒரு நர்சரியில் செடி வளர்க்கிற வேலையில் இருந்தவர். முதலாளி நிலத்தை விற்றுவிட்டதால் வேலை போயிருந்தது. ஒரு கையில் தகரப் பெட்டி, தோளில் ஈரச்சாக்கு. சாக்குக்குள் கட்டை விரல் பருமனில் குச்சிகள். பெட்டி வீட்டு மூலைக்குப் போனது, குச்சிகள் கிணற்றடி நிழலுக்குப் போயின. எத்தனை நாள் இருப்பாய் என்று அப்பா அவரைக் கேட்கவில்லை. மச்சினனிடம் அப்படிக் கேட்க முடியாது. ஒருநாள் குச்சிகளைக் காட்டி, "இது எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?" என்று கேட்டார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது.

மாமாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, உற்சாகமாகப் பதில் சொன்னார். "ஆனைக்கு வேலி மாமா இது. தொங்கு ஊமத்த. ஆடு வாய் வெக்காது, மாடு வாய் வெக்காது. ஆனை மோந்து பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிரும்."

"ஆனை வந்து உங்கிட்ட சொல்லுச்சா?"

"நர்சரி ஓரம் பூரா இதத்தான் வெச்சிருந்தோம். ஒரு நாளும் ஆனை வந்ததில்ல."

"அங்க கரண்டு வேலியும் இருந்துச்சே, மாப்ள."

அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நட்டுத்தான் பாக்கட்டுமே, குச்சிதான?" என்றாள். அன்றிலிருந்து அந்த வேலி நின்றால் மாமா நிற்பார் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தமாகிவிட்டது. அந்த ஒப்பந்தம் எனக்கும் தெரியும். ஆகவே குச்சிகள் துளிர்க்குமா என்கிற கவலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

துளிர்த்தன. மணலும் மக்கிய சாணமும் கலந்த மண்ணில் வேர் பிடித்து, ஆடிக்காற்றுக்கு முன்னால் காட்டோரமாக வரிசைக்குப் போயின. அந்தச் செடி எருது குடிப்பதைப் போலத் தண்ணீர் குடிக்கும். அப்படியும் உச்சி வெயிலில் இலையெல்லாம் துவண்டு செத்துத் தொங்கும். லீவு நாளில் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு ஓடினேன். "மாமா, எல்லாம் செத்துப்போச்சு!"

"வெயில்ல நிக்க வெச்சா நீயும் இப்படித்தான் தொங்குவ, பாப்பா. சாயங்காலமா வந்து பாரு."

சாயங்காலம் போனால் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து நின்றன. மறுநாள் மதியம் மறுபடியும் ஓடினேன். அவர் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். இலைக்கு அடியில் சிவப்புப் பேன் அடைந்தபோது சோப்புத் தண்ணீர் அடித்தார். சாணத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தார். மழை முடிவதற்குள் செடி என் தலைக்கு மேலே போய்விட்டது. அதன் பிறகு பூத்தது.

முழங்கை நீளப் பூ. எல்லாம் தலைகீழாக, தரையைப் பார்த்துத் தொங்கும். வெளுத்த மஞ்சளில் பிறந்து, போகப்போக ரோஸ் ஏறும். பொழுது இறங்கினால் வாசம் வீட்டு வாசல் வரைக்கும் வரும். பக்கத்து நிலத்துக் கன்னடத்துக்காரம்மா அதற்கு 'கண்டெ ஹூவு', மணிப்பூ என்று பேர் வைத்தார். ரோட்டில் போகிற பெங்களூர் கார்கள் நின்று போட்டோ எடுத்தன. அப்போதெல்லாம் மாமா எங்கிருந்தாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து செடி பக்கத்தில் நின்றுகொள்வார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. செடியைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். தொட்ட கை வாய்க்கும் போகக்கூடாது, கண்ணுக்கும் போகக்கூடாது. நானாவது, கழுவாமல் இருப்பதாவது. கழுவிய கையையே மறுபடி கழுவுகிறவள் நான். அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். நர்சரியில் ஒருத்தர் கண்ணில் இந்தச் செடியின் சாறு பட்டு, ஒரு கண்ணு மட்டும் ஆந்தைக் கண்ணாக விரிந்துவிட்டதாம். "ரெண்டு நாளைக்கு அவனுக்கு மொதலாளி ரெண்டா தெரிஞ்சாரு. ரெண்டு பேருக்கும் தனித்தனியா கும்புடு போட்டான். மூணாவது நாளு பாத்தா ஒரு மொதலாளிதான் இருந்தாரு. அடடா, இன்னொருத்தரு எங்க போயிட்டாருன்னு தேட்றான்!" நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்த கதை அது.

அந்த வருஷம் யானைகள் வந்தன. மேற்கே இரண்டு பேர் நிலத்தில் இறங்கிவிட்டு எங்கள் பக்கம் வராமலே போய்விட்டன. "வழி மாறிப் போயிருக்கும்" என்றார் அப்பா. ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம், "அவனுக்கு இன்னொரு களி வெய்யி" என்றார். மாமா குனிந்துகொண்டே சாப்பிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தில் குச்சி கேட்டார்கள். ராகி அறுப்பு முடிந்த ஒரு காலையில் மாமா அவர்களுக்காகக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி கீழே நின்றேன். தலைகீழாகத் தொங்குகிற பூவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தேன். மேலேயிருந்து ஜில்லென்று ஒரு சொட்டு இடது கண்ணில் விழுந்தது. பனித்தண்ணீர் என்று நினைத்துச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மதியத்துக்குள் இடது பக்கத்து வெயில் மட்டும் கூசியது. புத்தகத்து எழுத்துகள் எண்ணெய் பட்டதுபோல ஊறிப் பரவின. சொன்னால் உண்மையாகிவிடும் என்கிற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர்தான் கண்டுபிடித்தார்.

"ஏய் புள்ள, இங்க பாரு. ஒரு கண்ணு ஏன் இவ்ளோ கருப்பா இருக்கு?" வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "யாருடா இவ தலையில அடிச்சது?" என்றார். கடைசி பெஞ்சில் ஒருவன் அடிக்காமலேயே அழ ஆரம்பித்தான்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்னடத்துக்காரம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். அப்பா எங்களை வண்டியில் உட்காரவைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். மாமா அப்போது வீட்டில் இல்லை, குச்சி கொடுக்கப் போயிருந்தார்.

டாக்டர் டார்ச் அடித்தார். வலது கண்ணில் கருப்பு சுருங்கியது, இடது கண்ணில் அசையவில்லை. கீழே விழுந்தாளா, வாந்தி எடுத்தாளா என்று கேட்டார். இல்லை என்றோம். காலையில் விழுந்த சொட்டைப் பனி என்றே நம்பியிருந்ததால் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்டார். பிறகு அப்பாவை மட்டும் வெளியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். தலைக்குள்ளே ரத்தக்கசிவு, ஸ்கேன், தேவைப்பட்டால் உடனே பெங்களூர் என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை. அம்மா பெஞ்சு காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் விஷயம் கேள்விப்பட்டு, தக்காளி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு மாமா வந்து சேர்ந்தார். என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். அவருடைய கையில் அந்தச் செடியின் பச்சை வாடை இருந்தது. என்னை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த தன் அக்காவைப் பார்த்தார். ஸ்கேன் சீட்டோடு வருகிற அப்பாவைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் அழுத்தித் துடைத்தார். பிறகு நேரே டாக்டரிடம் போனார்.

"ஸ்கேனு வேணாங்க சார். இது செடிச் சாறுங்க. ஊமத்த சாதி. நான் வெச்ச செடிங்க. காலையில நாந்தான் வெட்டுனேன், புள்ள கீழ நின்னுச்சு."

டாக்டர் என் நாக்கு வறண்டிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணைக் கழுவச் சொன்னார். "இத மொதல்லயே வந்து சொல்லக் கூடாதாப்பா? நான் என்னென்னவோ நெனச்சிட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கண்ணு ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிரும்" என்றார். மாமா தலையாட்டினார்.

வண்டியை எடுக்கும்போது அப்பா அம்மாவைப் பார்த்து மட்டும் சொன்னார்: "வெஷத்தக் கொண்டாந்து வேலி கட்டியிருக்கான்." அம்மா என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தம்பி நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

மறுநாள் அப்பா கொடுவாளோடு வேலிக்குப் போனார். மாமா இன்னொரு கொடுவாளை எடுத்துக்கொண்டு அடுத்த முனைக்குப் போனார். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். என்னைக் கிட்டே வரவேண்டாம் என்று மாமா கையைக் காட்டினார். நான் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்று வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிய பிறகு மாடு வாய் வைத்துவிடக் கூடாது என்று குழி தோண்டி அத்தனை பூவையும் மாமா அதற்குள் தள்ளி மூடினார்.

அடுத்த வருஷம் யானைகள் எங்கள் ராகியில் இறங்கின. வேலி இல்லாததால் வந்தனவா, போன வருஷம் மாறிய வழி திரும்பிவிட்டதா, எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் விடிந்ததும் அவர் போய் நின்ற இடம் மிதிபட்ட ராகி இல்லை. வெட்டிய தூர்கள் இருந்த காட்டோரத்தில் வெகுநேரம் நின்றிருந்தார்.

மாமா இப்போது போச்சம்பள்ளியில் குடும்பமாக இருக்கிறார். நல்லது கெட்டதுக்கு வருவார், சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அவர் ஓர் இரவு தங்கியதில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது தானாகச் சரியாகிவிடும் என்று அங்கே தெரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஸ்கேனில் ஒன்றும் இருந்திருக்காது. மூன்றாவது நாள் என் கண் தெளிந்திருக்கும். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்திருப்பாள். வேலி நின்றிருக்கும், அவருக்கு இன்னொரு களியும் கிடைத்துக்கொண்டிருந்திருக்கும். தரையில் கிடந்த அக்காவுக்கு அந்த மூன்று நாள் பயம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

இதெல்லாம் இப்போது யோசிப்பது. அன்றைக்கு என் கண் சரியான மறுநாளே, போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது என்று அவர் பெட்டியை எடுத்தபோது, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். வழி நெடுக ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ரோட்டோரத்துப் புளியமரம் இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பஸ் வந்து நின்றது. "மாமா, மறுபடியும் எனக்குக் கண்ணு அப்படி ஆயிருமா?" என்று கேட்டேன்.

பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்து, என் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆவாது பாப்பா. அதான் செடியே இல்லியே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.