மடித்த அட்டையைப் பிரித்தவள்

புத்தகக் கடை வேலையில் பாதி நேரம் புத்தகம் விற்பது, மீதி நேரம் விற்ற புத்தகத்தைப் பற்றி வரும் வழக்குகளைக் கேட்பது. நான் கேட்ட வழக்குகளில் ஒன்றில் மட்டும் குற்றவாளி நானேதான். பாதிக்கப்பட்டவள் பதினாறு வயது மாணவி ஒருத்தி. ஒரு புத்தகத்தைப் பற்றி, அதை எழுதியவரைத் தவிர யாரும் படிக்கக் கூடாது என்று அவள் மடித்துப் போட்ட கருத்து அட்டையை நான் பிரித்து, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் பலகையில் குத்தி வைத்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களே, வாடிக்கையாளரிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் தேக்கா கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கும் தமிழ்ப் புத்தகக் கடையில் வேலை. முதலாளியைக் காதர் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிடுவது வக்கீலம்மா என்று. நான் சட்டம் படிக்கவில்லை. வாய் அப்படி.

சென்ற ஆண்டு உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் இளையர்களுக்கு ஒரு காதல் நாவல் எழுதினார். ஒரு பெண்ணுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக் பையன்மேல் விருப்பம். தினமும் அவனுக்குக் குறுஞ்செய்தி எழுதுவாள், அனுப்பாமல் அழித்துவிடுவாள். நூற்றுத் தொண்ணூறு பக்கம் இதுதான். கடைசிப் பக்கத்தில் அவன் வீடு மாறிப் போகிறான், இவள் தாழ்வாரத்தில் நின்று கையாட்டுகிறாள். நான் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் அறைந்தேன். அந்த அறைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பிடோக் அப்பா

முதல் வழக்கு பிடோக் வட்டாரத்திலிருந்து வந்தது. மகளுக்கு வாங்கிப்போன புத்தகத்தை நான்கே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார் ஓர் அப்பா. சட்டைப் பையில் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். "இதுல லவ் இருக்குதேம்மா" என்றார். அட்டைப்படத்திலேயே இதயம் போட்டிருக்கிறதே என்று நான் சொன்னேன். அது மருத்துவம் சம்பந்தப்பட்ட புத்தகம் என்று அவர் நினைத்தாராம்.

எனக்குச் சண்டைக் குணம் வந்துவிட்டது. "அங்கிள், முழுக்கப் படிச்சீங்களா? அந்தப் பொண்ணு அவன் கையைக்கூடத் தொடல. பேசக்கூட இல்ல. இதைவிட ஒழுக்கமான புத்தகம் இந்தக் கடையிலயே கிடையாது" என்றேன். அவர் ரசீதை நான்காக மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "பேசியிருந்தா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்கும்மா. இது நெனச்சுக்கிட்டே இருக்குது பாரு, அதுதான் டேஞ்சர்."

ஞாயிற்றுக்கிழமை வாசகர்

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிற்க இடம் இருக்காது. ஊரிலிருந்து விமானம் ஏறி வந்து, வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற தம்பிகள், அண்ணன்கள் எல்லாரும் அன்றுதான் வெளியே வருவார்கள். அவர்களில் ஒருவர் மாதக் கணக்காக எங்கள் கடையில் நின்றபடி படிப்பார். அவர் இந்த நாவலை எடுத்தபோது, "அது ஸ்கூல் பிள்ளைங்களுக்கு எழுதினதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு காசு கொடுத்தே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வந்து, தாமாகவே கருத்து எழுதும் அட்டை ஒன்று கேட்டு வாங்கினார். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம் எழுதாமலே வைத்துவிட்டு என்னிடம் வாயால் சொன்னார்: "கையில போன் இருக்கு, பையன் அடுத்த புளோக்குல இருக்கான், பிளைட் டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். இதுக்கு மேல என்னங்க கஷ்டம் அந்தப் பொண்ணுக்கு?"

ஆங் மோ கியோ ஆண்ட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர் கேட்டு வாங்கிய அட்டையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கவுண்டரில் அட்டைக் கட்டு ஒன்றும் ஒரு பெட்டியும் உண்டு. படித்தவர்கள் கருத்தை எழுதிப் பெட்டியில் போடலாம். திறந்தபடி போட்டால் பலகையில் குத்துவோம். மடித்துப் போட்டால் அது எழுத்தாளருக்கு மட்டும், மாதம் ஒருமுறை உறையில் போட்டு அனுப்பிவிட வேண்டும். காதர் அண்ணன் வகுத்த சட்டம் அவ்வளவுதான். அட்டைகளை வகைப்படுத்துவதும் குத்துவதும் என் வேலை. பலகையில் குத்திய அட்டைகளுக்குக் கீழே பச்சை மையில் பதில் எழுதுவது நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை. என் பதில்களைப் படிக்கவே ஆட்கள் மாடி ஏறி வந்தார்கள். தலையில் கனம் ஏற வேறென்ன வேண்டும்?

ஆங் மோ கியோவில் இருந்து வரும் ஆண்ட்டி ஒருவர், "கதாநாயகி செய்ததே சரி" என்று திறந்த அட்டை போட்டிருந்தார். நான் கீழே, "எப்படிச் சரி? விளக்கவும்" என்று எழுதினேன். மறுவாரமே விளக்க வந்துவிட்டார், கையில் மார்க்கெட் பையோடு. பதினெட்டு வயதில் அவருக்குத் தன் அண்ணனின் நண்பர் ஒருவர்மேல் விருப்பமாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. "அப்புறம் என்ன ஆண்ட்டி ஆச்சு? அவரு எங்க இருக்காரு?" என்று நான் பதறினேன். பெரியவர்களாகப் பார்த்து அவரையே பேசி முடித்துவிட்டார்களாம். வீட்டில்தான் இருக்கிறாராம். "அப்ப இப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!" என்றேன். ஆண்ட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார்: "இருபத்தாறு வருஷமா சொல்லல. சொன்னா அந்த மனுஷன கையில பிடிக்க முடியாதுலா."

மடித்த அட்டை

மடித்த அட்டைகளை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் உறையில் போடுவேன். கடையில் வேலை செய்தவர்கள் என்னைப் புரிந்துகொள்வீர்கள். மன்னிக்க வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை ஒரு நீல மை அட்டை. இரண்டாக மடித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்திருந்தது. உள்ளே இப்படி இருந்தது: "எங்கள் தமிழ் வகுப்பில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவன் கட்டுரை எழுதும்போது யோசனை வராவிட்டால் பேனாவைக் காதில் செருகிக்கொள்வான். இந்தப் புத்தகத்தை அவனுக்காக வாங்கினேன். கொடுக்க மாட்டேன்."

பலகையில் அப்போது பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்தில் இப்படிப் பெண்கள் கிடையாது என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். இதோ சாட்சி என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பெயர் இல்லை, பள்ளி இல்லை, பையன் பெயரும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? நடுப் பலகையில் குத்தினேன். கீழே பச்சை மையில், "தங்கச்சி, போய்க் கொடு. சொல்லாமல் வைத்திருப்பது காதல் இல்லை, கோழைத்தனம்" என்று எழுதினேன். அந்தப் பக்கம் வந்த காதர் அண்ணன் அட்டையின் நடுவே ஓடிய மடிப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது மடிச்சு வந்ததா?" என்றார். பெயரே இல்லாத அட்டையால் யாருக்கு நஷ்டம் என்று கால் மணி நேரம் வாதாடினேன். கடையில் கூட்டம் சேர்ந்தது. அவர் கையை உதறிவிட்டுப் போனார்: "உங்கிட்ட ஜெயிக்க எனக்கு நேரம் இல்ல வக்கீலம்மா, கீழ லாரி வந்து நிக்கிது."

ஆறு பேர்

மூன்று வாரம் கழித்து ஓர் ஆசிரியை தம் மாணவர்களைப் புத்தகம் வாங்க அழைத்துவந்தார். பள்ளிச் சட்டையில் மூன்று பெண்கள், மூன்று பையன்கள். தமிழர்கள் கொஞ்சமே இருக்கும் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு தமிழ் வகுப்பு என்றால் பல இடங்களில் அவ்வளவுதான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "பச்சை மை போர்டு இதுதானா அக்கா?" என்று அவர்கள் கேட்டதும் பெருமையோடு விலகி நின்று வழிவிட்டேன்.

ஒரு பெண் சத்தமாக ஒவ்வொன்றாகப் படித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நீல மை அட்டைக்கு வந்தாள். "மொத்தம் ஆறு பேர்" என்று படித்தபோதே ஒரு பையன், "டேய், நம்ம கிளாஸ்டா!" என்றான். அவள் நிறுத்தவில்லை. பேனா, காது என்று வந்ததும் தானாகவே குரல் தேய்ந்தது. இரண்டு பையன்கள் மூன்றாமவனைப் பார்த்தார்கள். அவன் மெதுவாகக் காதிலிருந்து பேனாவை எடுத்துப் பைக்குள் வைத்தான். மூன்று பெண்களில் ஒருத்தி மட்டும் பலகையைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த அகராதியை அலமாரியில் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினாள். ஓடவில்லை. ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அட்டையைப் பிய்த்தேன். ஊசி தெறித்து எங்கோ விழுந்தது. ஆசிரியையிடம், "டீச்சர், பேரு எதுவும் இல்லையேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் மற்ற ஐந்து பேரையும் கீழே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "பேரு வேற போடணுமாம்மா? இந்த ஊர்ல நம்ம பிள்ளைங்க ஒளிஞ்சிக்கிற அளவுக்கு நம்ம என்ன கூட்டமாவா இருக்கோம்?"

மன்னிப்புக் கடிதம்

அன்று மாலையே பலகையைக் கழற்றினேன். பச்சைப் பேனாவைக் குப்பையில் போட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, தெரியும். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் மன்னிப்பு. இரண்டாவதில், என் நோக்கம் நல்லது. மூன்றாவதில், இரகசியமாக விரும்புவதை வெட்கப்படும் விஷயமாக நினைக்கிற சமூகத்தின்மேல் குற்றம். நான்காவதில், அவளுக்கே நான் அறிவுரை சொல்லியிருந்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன் என்பதில் ஒரு திருப்திகூட.

தபால் உறை கேட்டபோது காதர் அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்: "ஏம்மா, இது மன்னிப்பா, மேல்முறையீடா?"

ஒரு மாதம் கழித்து

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். "நீ மடித்துத் தந்ததை நான் பிரித்தது தவறு. மன்னித்துவிடு" என்று இரண்டு வரி எழுதி ஆசிரியை மூலம் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவேன். அட்டை போடும் பெட்டியும் காலியாகவே கிடந்தது. மடித்த அட்டை ஒன்றுகூட அப்புறம் விழவில்லை. ஊருக்குள் விஷயம் போயிருக்கும். போகாமல் இருக்குமா?

பள்ளி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை அவள் வந்தாள். தனியாக. விட்டுப்போன அகராதியை எடுத்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு வந்தாள். நான் காசு வாங்க மறுத்தேன். அவள் நோட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அட்டையை உன்னிடமே தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவனிடம் நானே வந்து பேசட்டுமா, தவறு என்னுடையது என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டல்தான். இதை எழுதுவதற்குக்கூட பிறகு அவளிடம் அனுமதி வாங்கினேன், அடையாளங்களை மாற்றினேன். அன்று மாற்றத் தோன்றாத புத்தி!

பள்ளி நாள் முதல் மேடை மேடையாக ஏறி வாதத்தில் கோப்பை வாங்கி வந்த நான், தோற்றது, அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நிதானமாகச் சொன்ன இந்தப் பதிலுக்கு முன்னால்தான்: "சாரி கேட்டீங்க, ஓகே அக்கா. ஆனா அட்டையில நீங்க பச்சை மைல எழுதினது தப்பு. எனக்குப் பயமெல்லாம் இல்ல. சொன்னா அவன் யெஸ் சொல்லணும், இல்லைனா நோ சொல்லணும். எனக்கு ரெண்டுமே வேணாம். ஸ்கூல் விட்டு வீட்டுக்கு, பாசிர் ரிஸ் வரைக்கும் ஒரே பஸ்ல நாப்பது நிமிஷம் சும்மா பேசிக்கிட்டுப் போவோம். அது இருந்தா போதும்னு இருந்தேன். இப்ப அவன் எம்.ஆர்.டி. ரயில்ல போறான்."