ஓரிரு இடங்களில் ஆலங்கட்டி

தினமும் காலை ஏழு மணிக்குப் பெரம்பலூர் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று பூவரசன் போனைப் பார்ப்பான். வானிலை தெரிந்தால்தான் மொபெட் பெட்டியில் எத்தனை குச்சி ஐஸ் ஏற்றுவது என்று முடிவாகும். ஆனால் அந்த அறிக்கை என்றைக்காவது முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறதா? “ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்” என்று சொல்லிவிட்டு நைசாக ஒதுங்கிக்கொள்ளும். எட்டு வருஷ வியாபாரத்தில் பூவரசன் நின்ற இடம் ஒருநாளும் அந்த ஓரிரு இடத்தில் சேர்ந்ததில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. மிச்சப் படிப்பை ஐஸ் பெட்டி நடத்தியது. மூடியைத் திறந்தால் வெள்ளையாக ஏதோ வழியும். அது புகையில்லை, காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து பொடித் துளியாவது, மேகமும் இதே சமாச்சாரம்தான் என்று அவனுக்குப் பிடிபட்டது. பொடித்துளிக்குக் கனமில்லை, மிதக்கும். நாலு துளி ஒட்டிக் கனத்தால் இறங்கும். தாழ்ந்த மேகமென்றால் தூறலோடு சரி. மலை மாதிரி எழும்பிய மேகமென்றால் உச்சியில் எல்லாம் உறைந்து கிடக்கும்.

“மாப்ள, நம்ம கோட மழ பாதி மேல ஐஸாத்தான் பொறக்குது. வர்ற வழியில உருகிருது” என்பான், வேப்பந்தட்டை டீக்கடை வீரமணியிடம்.

“ஐஸ் விக்கிறவனுக்கு வானமும் ஐஸ் கம்பெனிதான். விட்டா நிலாவப் பால் ஐஸுங்குவ.”

வீரமணி இப்படிப் பேசக் காரணம் உண்டு. ஒன்பது வயதில், பச்சைமலை அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போனபோது, கொய்யாக்காய் அளவில் ஆலங்கட்டி விழுந்ததைப் பூவரசன் பார்த்திருக்கிறான். கூட இருந்தவை ஆடுகள்தான், அவை சாட்சி சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயர் ‘கொய்யாக்கா’. ஊர் சிரித்ததுகூடப் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் ஆர்த்தியிடம் சொன்னான். ஆலங்கட்டி எப்படி உருவாகிறது, காற்று அதை மேலே தூக்கித் தூக்கிப் போட அது எப்படிப் பருக்கிறது என்றெல்லாம் விரல் வைத்துக் காட்டினான். அவள் வெங்காயம் உரித்தபடியே “ம்” என்றாள். மூன்று வருஷமாக அந்த ஒரு “ம்” அவன் நெஞ்சில் முள்ளாய் நின்றது. ஊர் நம்பாவிட்டால் போகிறது. இவள் நம்பவேண்டும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், மூன்று மணி இருக்கும். தொண்டமாந்துறையிலிருந்து திரும்புகிற ரோட்டில் யாருமில்லை. மலைக்கு மேலே மேகம் பருத்திப் பொதி மாதிரி அடுக்கடுக்காக எழுந்து, அடிவயிறு மட்டும் கருநீலமாக இருந்தது. காற்று சட்டென்று குளிர்ந்தது, பெட்டி மூடியைத் திறந்தாற்போல. பிறகு மூடிமேல் ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்து நூறு.

வெள்ளை வெள்ளையாக விழுந்தது. தார் ரோட்டில் விழுந்து குதித்தது, மக்காச்சோளத் தட்டைக்குள் ஒளிந்தது, அவன் தோளில் தட்டியது. கொய்யா அளவில்லை, நெல்லிக்காய் அளவு. பூவரசன் புளியமரத்தடிக்கு ஓடவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். தானே மேகத்துக்குள் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. உலகத்தில் யாரும் பார்க்காத ஓரிரு இடத்தில் இன்று அவன் நின்றதும் ஓரிடம்.

ஐந்து நிமிஷம்தான். நினைவு வந்து வீடியோ எடுத்தான். பிறகு சாப்பாட்டு டப்பாவில் கைகொள்ளும் மட்டும் பொறுக்கிப்போட்டு, அதை ஐஸுக்கு நடுவே புதைத்து, வண்டியை முறுக்கினான்.

வேப்பந்தட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. ரோட்டில் புழுதி பறந்தது.

“மாப்ள, ஆலங்கட்டி!” என்று டப்பாவைத் திறந்தான். வீரமணி எட்டிப் பார்த்தான். கடை முழுக்க எட்டிப் பார்த்தது. அப்புறம் பெஞ்சே ஆடுகிற மாதிரி சிரிப்பு.

“ஐஸ்காரன் பொட்டியில ஐஸ் இருக்குதுடோய்! பேப்பர்ல போடச் சொல்லுங்கடா!”

“இந்தா வீடியோ இருக்குடா.”

வீடியோவில் அவனுடைய கட்டைவிரல் தெரிந்தது, இளஞ்சிவப்பாக. பின்னால் படபடவென்று சத்தம்.

“இது பொரி வறுக்கிற சத்தம்” என்றான் வீரமணி.

அப்போதுதான் பூவரசனுக்கு உறைத்தது. ஆலங்கட்டியை யார் கொண்டுவந்து காட்டினாலும் ஊர் நம்பும், ஐஸ் விற்கிற ஒருவனைத் தவிர.

ஆர்த்தி வேலைசெய்யும் வெங்காயக் களத்துக்குப் போகாமல் வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் நினைத்தான். வண்டி கேட்கவில்லை. கொட்டகை நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாள்மனையில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தி நிமிர்ந்தாள்.

“என்னங்க, இந்நேரத்துல?”

அவன் டப்பாவை நீட்டினான். தண்ணீரில் நாலே நாலு மிதந்தன.

பக்கத்திலிருந்த ரெங்கம்மாள் முந்திக்கொண்டாள். “ஏண்டா கொய்யாக்கா, விக்காத ஐஸ ஒடச்சுப் பொண்டாட்டிகிட்ட ஏமாத்த வந்தியா?”

பூவரசன் மூடியைத் தேடினான். ஆர்த்தி அதற்குள் ஒன்றை எடுத்துவிட்டாள். காலையிலிருந்து ஆயிரம் வெங்காயம் பார்த்த கை, பழக்கதோஷத்தில் அதை அரிவாள்மனையில் வைத்து அழுத்தியது. டக்கென்று இரண்டாயிற்று. அவள் பாதியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

நடுவில் மிளகு அளவு வெள்ளை. அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம். மறுபடி வெள்ளை. மறுபடி கண்ணாடி. ஓரத்தில் மெல்லிசாக இன்னொரு வெள்ளை.

“ரெங்கம்மாக்கா, இங்க பாருங்க. தோலு தோலா இருக்கு. இவரு கம்பெனி ஐஸு ஒரே கட்டியால்ல இருக்கும்?”

ரெங்கம்மாள் வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கொட்டகையில் அவள் வாயடைத்தது இதுதான் முதல் தடவை.

ஆர்த்தி வளையங்களை நகத்தால் தொட்டு எண்ணினாள். “நாலு. அப்ப நாலு தரம் மேல போயி எறங்கியிருக்கு, இல்லீங்க? காத்து தூக்கித் தூக்கிப் போடும்னு சொன்னீங்களே.”

பூவரசன் டப்பாவைக் கீழே வைத்தான். அந்த “ம்” கேட்டுக்கொண்ட “ம்” என்று மூன்று வருஷம் கழித்துத் தெரிகிறது.

பாதிக் கட்டி அவள் உள்ளங்கையில், வெங்காய வாசத்தோடு, மெல்ல நீராகிக்கொண்டிருந்தது. அது முழுதாகப் போகும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

“ஏங்க,” என்றாள், தலை நிமிராமல். “நீங்க சின்னப்புள்ளையில பாத்தீங்களே, கொய்யாக்கா மாதிரி. அதுக்கு எத்தன தோலு இருந்திருக்கும்?”

“ம்” என்றான் பூவரசன், விரல் மடக்கி எண்ணத் தொடங்கியபடி.