கோணையன் என்றொரு இரட்டைக்குழல்

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன முறை என்னுடையதை வாங்கப் போனபோது, சுவரோரம் சாத்தியிருந்த வரிசையில் என் மூக்கு தேங்காய் எண்ணெய் வாடையைத் தேடியது. இல்லை. செல்லையா அண்ணன் நினைவு வந்துவிட்டது.

பழைய இரட்டைக்குழல்களைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்காமலிருப்பதே நல்லது. விசைக்கு அடியில் நெம்புகோல் வைத்துத் திறப்பது, இரும்பு நாடாக்களைச் சுற்றிக் காய்ச்சி ஒட்டியதால் குழல் முழுக்க மரவரி போலக் கோடு ஓடுவது என்று நிறுத்தாமல் பேசுவேன். சேகரிப்பவர்கள் இருவர் கூடினால் டீ ஆறிவிடும். செய்த ஆண்டு தெரியாவிட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கமும் போய்விடும்.

செல்லையா அண்ணனுடையது அப்படித் தூக்கம் கெடுத்த துப்பாக்கி. முத்திரைகள் தேய்ந்திருந்தன. அதைவிட விசித்திரம், தோளில் பதிக்கும் மரக்கட்டை. கழுத்தருகே வளைந்து, குழலை மூன்று விரல் அகலம் இடப்பக்கம் தள்ளி நிறுத்தியிருக்கும். மழையில் நனைந்து முறுக்கிக்கொண்டது என்றுதான் நானும் நினைத்தேன். சிறுமலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடம் அண்ணனுடைய அப்பா வாங்கியது.

அண்ணனுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. அப்பா இறந்ததும் உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் துப்பாக்கி கைவிட்டுப் போகும். சிக்கல் என்னவென்றால், சின்ன வயதில் தென்னை மட்டை கிழித்து அவருக்கு வலது கண் போயிருந்தது. காவல் நிலையத்து விசாரணைக்குத் துணையாக என்னையும் கூட்டிப் போனார்.

"ஒத்தக் கண்ணுக்கு ரெட்டைக்குழலாய்யா? இடது தோள்ல வச்சா சுடுவீரு?" என்றார் ஆய்வாளர்.

"இடது கையில சோறு திங்கச் சொல்றீகளே சார். வலது தோள்லதான்."

"அப்ப இடது கண்ணு எப்படிக் குறி பாக்கும்? அதுவும் இந்தக் கோணத் துப்பாக்கியில?"

அண்ணன் திறந்து, காலி என்று காட்டினார். வலது தோளில் பதித்து, எதிரே மின்கம்பத்துப் பீங்கானைப் பார்த்தார். முகம் கட்டையில் படிய, குழல் தானே வந்து இடது கண்ணுக்கு நேராக நின்றது.

"இங்க கொடும்." ஆய்வாளரும் வாங்கித் தோளில் வைத்தார். கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டினார். "எனக்குக் கம்பமே சிக்கலையே!"

"ஒங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாருக்குல்ல சார், அதான். எங்கப்பாவும் இத வச்சு ஒரு சிரட்டையக்கூட ஒடச்சதில்ல."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நானும் முயன்று தோற்றேன். வலது கண் இழந்த யாரோ ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த கட்டை அது. ஊர் ஊராகச் சுற்றி, உரியவரிடமே வந்து சேர்ந்திருந்தது.

உரிமம் மாறியது. நான் எவ்வளவு தடுத்தும் அண்ணன் அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் பூசுவார். தேர்தல் முடிந்தால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: "அப்பு, நம்ம கோணையன எடுங்க." காவலரும் சீட்டைப் பார்க்காமல் எடுத்துத் தருவார்.

போன முறை, அண்ணன் இறந்துபோயிருந்ததால், அவர் மகன் முருகன் வந்திருந்தான். வரிசை முன் குனிந்து, ஒவ்வொன்றாக எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

"கோணையனுக்கு எதுக்குப்பா நம்பர்?"

"அதுல எனக்குக் குறியே சிக்கலண்ணே. ஆசாரிட்டக் கொடுத்து நேர்க்கட்டை போட்டாச்சு."

"பழைய கட்டை?"

"அது வெந்நீர் அடுப்புக்குப் போயிருச்சு. இப்ப பாருங்க, எம்புட்டு அம்சமா இருக்கு!"

வாங்கித் தோளில் வைத்தேன். முதல் முறையாக அதன் குழல் என் கண்ணுக்கு நேராக நின்றது.